குலுங்கும் தோள்கள்

அன்புள்ள ஐயா,

அண்மையில் சாப்ளினின் 'தி க்யூர்' பார்த்தேன். குடிகாரன் கொண்டுவந்த சரக்கை எல்லாம் மருத்துவ ஊற்றில் வீசிவிட, அதைக் குடித்த நோயாளிகள் தள்ளாடுகிறார்கள். மதுவிலக்கைக் கிண்டல் செய்ய எடுத்த படம்தானே? சட்டம் இருக்கும்போதே குடியை எப்படி இவ்வளவு தாராளமாகக் காட்டினார்கள்?

கே.

அன்புள்ள கே.,

'தி க்யூர்' 1917இல் வந்தது. அமெரிக்கா முழுவதற்குமான மதுவிலக்கு 1920 ஜனவரி 17இல்தான் அமலானது. சாப்ளினின் தள்ளாட்டமோ இன்னும் பழையது. ஃப்ரெட் கார்னோவின் மேடைக் குழுவில் குடிகாரனாக நடித்துப் பெயர் வாங்கியவர் அவர். தந்தை குடியால் நாற்பதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தவர். அந்தத் தள்ளாட்டத்துக்கு என்னால் முழுதாகச் சிரிக்க முடிவதில்லை.

நீங்கள் தேடும் படம் 1921இல் வந்த சாப்ளினின் 'தி ஐடில் கிளாஸ்'. குடியை நிறுத்தும்வரை வேறு அறையில் இருப்பேன் என்று மனைவி எழுதிவைத்துவிட்டுப் போகிறாள். கணவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். தோள்கள் குலுங்குகின்றன. பாவம், அழுகிறான் என்று நினைக்கிறோம். திரும்பினால் கையில் காக்டெயில் குலுக்கும் குவளை! இது மௌனப் படம். ஒலி இருந்திருந்தால் இந்த வேடிக்கை நடக்காது. ஒரு விம்மல் சத்தம் இல்லையே என்று காது காட்டிக்கொடுத்திருக்கும்.

சட்டத்துக்கு வருவோம். அது தடுத்தது தயாரிப்பு, விற்பனை, கொண்டுசெல்வது ஆகியவற்றை. குடிப்பதை அல்ல. முன்பே வாங்கி வீட்டில் அடுக்கியதை வீட்டிலேயே குடிக்கலாம். அப்படி அடுக்கிவைக்க யாரிடம் பணம் இருந்தது? அந்த மாளிகைக் கணவனிடம்தான். அவன் மனைவிக்குப் பயந்தால் போதும், போலீசுக்குப் பயப்பட வேண்டாம்.

இல்லாதவர்களுக்கு வீட்டு ஊறல்தான் கதி. அதே காலத்து நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிடின் 'ஹை அண்ட் டிஸ்ஸி'யில் (1920) நண்பன் ரகசியமாக ஊறல் போட்டு வைத்த புட்டிகள் தாமாகவே வெடித்துத் திறக்கின்றன. வீணாக விடலாமா என்று இருவரும் குடித்துத் தீர்க்கிறார்கள். அப்புறம் லாயிட் உயரமான கட்டடத்தின் விளிம்பில் நடப்பார். அதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது புட்டிகள்தான். ஒளித்துவைத்தவனை ஒளித்த பொருளே காட்டிக்கொடுக்கிறது.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931 ஜனவரியில் வந்தபோதும் சட்டம் இருந்தது. 1933 டிசம்பரில்தான் போனது. அதில் வரும் கோடீஸ்வரருக்குப் போதையில் மட்டும் சார்லி நண்பன், தெளிந்தால் யாரோ. அவர் வீட்டுக்குப் புட்டி எங்கிருந்து வந்தது என்று படத்தில் யாரும் கேட்பதில்லை.

சரி, முதலில் 'தி ஐடில் கிளாஸ்' பாருங்கள். அரை மணி நேரம்தான்.