ரியாத்தில் இருந்தபடியே வாலாஜா சொத்து வழக்குக்குப் பவர் பத்திரம் தருவது எப்படி?

தந்தையின் வாலாஜா நிலத்துக்காக அக்காமார்கள் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்திருக்கிறார்கள், ரியாத்திலிருந்து வர விடுப்பு இல்லை, தம்பிக்குப் பவர் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜித்தாவிலுள்ள என் அண்ணனுக்காக இப்படியொரு வழக்கை வேலூரில் பவர் ஏஜென்ட்டாக இருந்து நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கொடுக்கலாம், ஆனால் பொது அதிகாரமாகக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞரை நியமிக்கவும் மனுக்களில் கையொப்பமிடவும் ஆவணங்களைத் தாக்கல் செய்யவும் இந்த ஒரு வழக்குக்கு மட்டுமான சிறப்பு அதிகாரமாக எழுதுங்கள். விற்பனையும் விடுதலைப் பத்திரமும் (உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம்) அதில் வேண்டாம். சமரசம் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலுக்குப் பிறகே என்று சேருங்கள். தம்பியை ஐயுற்று இதைச் சொல்லவில்லை. இரு பக்கமும் உறவினர் நெருக்கும்போது அவரையும் காப்பது இந்த வரம்புதான்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, வெளிநாட்டில் எழுதும் பவரை நோட்டரி முன்னிலையிலோ இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ கையொப்பமிட்டுச் சான்று பெற இடமளிக்கிறது. 2022 டிசம்பர் முதல் சவூதியில் அப்போஸ்டில் முறையும் (ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்க அந்நாட்டு அரசே தரும் சான்று) உண்டு. ஆயினும் அங்குள்ள நோட்டரி அலுவலக வேலை அரபியில் நடப்பதால், மொழிபெயர்ப்புச் சுமை இல்லாத தூதரக வழியையே பரிந்துரைப்பேன். அதிகாரி முன் நிற்கும்வரை கையொப்பமிடாதீர்கள்.

சொத்து விவரத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. உங்கள் தாய்ப்பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும், பிந்தைய ஆவணங்களில் வேலூர் என்றிருக்கும், 2019 பிரிவினைக்குப் பின் வாலாஜா இருப்பதோ ராணிப்பேட்டை மாவட்டத்தில். ஆகவே பழைய பெயர், இன்றைய பெயர், பழைய சர்வே எண், உட்பிரிவு எண், நான்கெல்லை அனைத்தையும் வில்லங்கச் சான்றோடும் பட்டாவோடும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்; இங்கே ஓர் எண் பிசகினாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள், முத்திரைச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி, மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். வந்த தேதியைக் காட்டும் கூரியர் உறையைத் தம்பி பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இன்னொன்று, உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த செய்திகளுக்குப் பவர் ஏஜென்ட் உங்களுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் தீர்த்திருக்கிறது. தந்தை வாய்மொழியாகப் பங்கு பேசியபோது நீங்கள் உடனிருந்திருந்தால், காணொளி வழியாகச் சாட்சியளிக்க அனுமதி கோரும் மனுவைச் சாட்சி விசாரணை தொடங்குவதற்கு முன்பே தாக்கல் செய்யுமாறு வழக்கறிஞரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.