இன்புட்-அவுட்புட் டேபிள்ல இறுதித் தேவை: கேள்வி பதில்

இரும்பு இறுதித் தேவையா, இடைநிலையா?
இன்புட்-அவுட்புட் டேபிள்னா எந்தத் துறையோட பொருளை யார் எவ்வளவு வாங்கினாங்கன்னு காட்டுற அட்டவணை. வேற பொருள் செய்யுறப்போ அதுக்குள்ள தீர்ந்துபோறது இடைநிலை, மத்த பயன்பாடெல்லாம் இறுதித் தேவை. பொருளை வச்சு முடிவு பண்ண முடியாதுங்க, யார் எதுக்கு வாங்குறாங்கன்றதுதான் கணக்கு. அதே காரை ஒரு குடும்பம் வாங்கினா வீட்டு நுகர்வு, டாக்சி கம்பெனி வாங்கினா மூலதன உருவாக்கம் (பல வருஷம் உழைக்கிற முதலீடு), வெளிநாட்டுக்குப் போனா ஏற்றுமதி, விக்காம நின்னா கையிருப்பு மாற்றம், எல்லாமே இறுதித் தேவைதான். காருக்குள்ள போன இரும்பு ஷீட் மட்டும் இடைநிலை. ஒரு துறையோட உற்பத்தி 100, அதுல உற்பத்திக்காக எல்லாத் துறையும் வாங்கினது 60ன்னா மிச்சம் 40 இறுதித் தேவை. எந்த விலைன்னு பார்க்காம மட்டும் எண்ணை எடுக்காதீங்க, ஏன்னு கடைசிப் பதில்ல இருக்கு!

புது வீடு நுகர்வா?
இல்ல, மூலதன உருவாக்கம். சொந்த வீட்ல குடியிருந்தா அதுக்கு ஒரு வாடகை மதிப்பு போட்டு நுகர்வுல சேர்ப்பாங்க.

ஜிடிபி (நாட்டோட மொத்த உற்பத்தி) கணக்குல இறக்குமதியைக் கழிக்கிறாங்களே, அப்போ இறக்குமதி ஜிடிபியைக் குறைக்குதா?
இல்லவே இல்ல. இறக்குமதியான போனை நீங்க வாங்கினப்பவே அது நுகர்வுல ஏறிடுச்சு, இங்க செய்யாததால அதை வெளிய எடுக்குறாங்க, அவ்ளோதான்.

எங்க டேபிள்ல இறக்குமதி தனியா இல்ல, உள்நாட்டுப் பொருளோட கலந்திருக்கு. இறக்குமதியை வாங்குற எல்லாருக்கும் ஒரே விகிதத்துல பிரிச்சா போதாதா?
வேற டேட்டா இல்லன்னா நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, ஆனா ஏற்றுமதின்னு வந்தா ரொம்ப ஆபத்து. வெளிநாட்டுப் பாகத்தைக் கொண்டுவந்து பூட்டி ஏற்றுமதி பண்ற ஃபேக்டரி, உள்நாட்டுக்கு மட்டும் விக்கிற ஃபேக்டரியை விட அதிகமா இறக்குமதி பண்ணும். ரெண்டுக்கும் ஒரே விகிதம் போட்டா ஏற்றுமதியால வர்ற உள்நாட்டு வருமானம் ஊதிப் பெருசாத் தெரியும்.

சராசரி சரியா வந்தா மொத்தமும் சரிதானே?
மொத்தம் சரியா வரும், ஒத்துக்குறேன். ஆனா இறுதித் தேவையை ஏற்றுமதி, நுகர்வுன்னு பிரிச்சு எது எவ்வளவு வேலை குடுக்குதுன்னு கேக்கத்தானே இந்த டேபிளையே எடுக்குறோம், தப்பு அந்தப் பிரிவுலதான் உக்காந்திருக்கு. கஸ்டம்ஸ் டேட்டாவைக் கம்பெனி சர்வேயோட இணைச்சாதான் வழி.

சிமென்ட் இறுதித் தேவையா?
முதல் பதிலைப் படிங்க.

எந்தக் கம்பெனி ஷேர் விலை ஏறும்னு இதுல தெரியுமா?
தெரியாது, அது என் துறையும் இல்ல.

குடும்பச் செலவை ஏன் துறைகளுக்கு வெளிய வைக்கணும்?
நல்ல கேள்வி. 1936ல இந்த டேபிளைப் பத்தி முதல் கட்டுரை போட்ட பொருளாதார நிபுணர் லியோன்டிஃப் ஆரம்பத்துல குடும்பத்தையும் ஒரு துறையாதான் வச்சார். வெளிய எடுத்தப்புறம்தான் 'தேவை இவ்ளோ மாறினா உற்பத்தி எவ்ளோ மாறும்'னு கேக்க முடிஞ்சது.

பருத்தி?
முதல் பதில்.

கடைல குடுத்த காசை அப்படியே தேவைன்னு போடலாமா?
கூடாதுங்க, முதல்லயே இதைத்தான் சொன்னேன். அதுல வரி, கடைக்காரர் மார்ஜின், லாரி வாடகை எல்லாம் இருக்கு. மார்ஜினை வணிகத் துறைக்கும் வாடகையைப் போக்குவரத்துக்கும் மாத்தி, வரியைத் தனி வரிசைல எடுத்து, மிச்சத்தை மட்டும் ஃபேக்டரி துறைக்குப் போடுங்க.