ஈரான்–பாகிஸ்தான்–இந்தியா எரிவாயுக் குழாய் ஏன் இந்தியாவுக்கு வரவே இல்லை?

பணமோ தொழில்நுட்பமோ இதைத் தடுக்கவில்லை. நம்பிக்கை இல்லாததுதான் தடுத்தது என்பது என் கருத்து.

யோசனை 1989-லேயே பிறந்துவிட்டது. பாரசீக வளைகுடாவின் தெற்கு பார்ஸ் எரிவாயு வயலில் இருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குச் சுமார் 2,700 கி.மீ. குழாய். கடல் வழியே வருவதென்றால் எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, மறுபடி வாயுவாக்க வேண்டும். குழாயில் அந்தச் செலவு கிடையாது.

பேச்சுவார்த்தை வேகமெடுத்தது 2004-க்குப் பிறகு. அப்போதைய பெட்ரோலிய அமைச்சர் மணிசங்கர் ஐயர் (அப்போது நம் மயிலாடுதுறை எம்.பி.தான்) இதில் மிகுந்த அக்கறை காட்டினார். 2006 ஜனவரியில் அந்தத் துறை அவரிடமிருந்து போனது. அதற்கு முன்பே, 2005-இல், சர்வதேச அணுசக்தி முகமையில் இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களித்திருந்தது. அமெரிக்காவுடன் அணுசக்தி ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

சரி, அரசியலை விடுங்கள். விலைத் தகராறு தீரவில்லை. பாகிஸ்தானுக்கு எவ்வளவு வழிக்கட்டணம்? பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்தில் குழாயை வெடிவைத்துத் தகர்த்தால் இழப்பு யார் தலையில்? இதற்கெல்லாம் பதில் கிடைக்காமலே 2009 வாக்கில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது.

அப்புறம் ஈரானும் பாகிஸ்தானும் மட்டும் தொடர்ந்தன. 2013 மார்ச்சில் அப்போதைய ஈரான் அதிபர் அகமதிநெஜாத்தும் பாகிஸ்தான் அதிபர் சர்தாரியும் எல்லையில் பணியைத் தொடங்கிவைத்தார்கள். ஈரான் தன் பகுதியில் பெரும்பாலானதை முடித்துவிட்டது. பாகிஸ்தானோ அமெரிக்கத் தடைகளுக்கு அஞ்சி, சுமார் 780 கி.மீ. நீளமுள்ள தன் பகுதியைக் கட்டவில்லை.