அப்பாவின் டிரங்குப் பெட்டிகள்

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் தவறிவிட்டார். பெருமாள்புரம் வீட்டில் அவருடைய இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள், டைரிகள், போட்டோக்கள், ஆர்டர் காகிதங்கள். வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம். “மெடலையும் நல்ல போட்டோவையும் வச்சுக்கிடுவோம், மிச்சத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டிருவோம்” என்கிறான் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என்ன செய்யட்டும்?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பழைய பேப்பருக்குப் போடவே வேண்டாம், சகோதரி. இதை மட்டும் இன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

அண்ணன் ‘மிச்சம்’ என்று ஒதுக்குவதில்தான் அப்பா இருக்கிறார். எந்த வருஷம் எந்தப் பதவி, என்ன மெடல் என்பதெல்லாம் டெல்லியில் ராணுவத் தலைமையகத்தின் பதிவுகளில் இருக்கும். அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்களும் ராத்திரி உட்கார்ந்து எழுதிய டைரியும் உங்கள் வீட்டை விட்டால் வேறு எங்கும் கிடையாது.

நம் சீமைக் கதையையே பாருங்கள். 1801 பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் கம்பெனிப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஓர் இளம் அதிகாரி இருந்தார். பின்னாளில் ஜெனரல் ஆனவர். தன் நாட்குறிப்பிலிருந்து எடுத்து 1830-ல் புத்தகம் போட்டார். சண்டைக்கு முந்திய காலத்தில் சின்ன மருது தனக்கு வளரி (எறியும் வளைதடி) எறியச் சொல்லிக்கொடுத்ததை அதில் எழுதியிருக்கிறார். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மேல் ஜனங்கள் வைத்திருந்த பக்தியையும் வியந்து எழுதியிருக்கிறார். எதிர்த்து நின்று சண்டை போட்ட ஒருவரின் சொந்தக் குறிப்பிலிருந்துதான் இன்றைக்கு நாம் அதையெல்லாம் எடுத்துப் பேசுகிறோம். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் வளரி பழகிய கதையை யார் எழுதப் போகிறார்கள்?

சரி, வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறந்ததும் தேதிவாரியாக அடுக்கத்தான் கை போகும். கட்டுகளைப் பிரிக்காதீர்கள். அப்பா எதை எதோடு சேர்த்துக் கட்டினாரோ, அது அப்படியே இருக்கட்டும். காரணம் சொல்கிறேன். கடித உறைகளில் அனுப்பியவர் விலாசத்தைப் பாருங்கள்: ‘மே/பா 56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்று இருக்கும். அது ராணுவத் தபால் நிலைய எண். ஊர் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. லடாக் பனியிலிருந்து எழுதினாரா, பஞ்சாபிலிருந்து எழுதினாரா என்பது அதை வைத்துத் தெரியாது. அதே கட்டில் ஒரு ரயில் வாரண்டோ (ராணுவம் தரும் பயணச் சீட்டு) மெஸ் பில்லோ (சாப்பாட்டுக் கணக்கு) கிடந்தால், அன்றைக்கு அவர் எங்கே இருந்தார் என்று பிடித்துவிடலாம். ‘குப்பை’ என்று பில்லை எடுத்துப் போட்டால் கடிதத்துக்கு ஊரே இல்லாமல் போய்விடும்.

டிரங்குப் பெட்டியையும் போட்டுவிடாதீர்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டால் பேரும் நம்பரும் எழுதியிருக்குமே, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ‘மேஜர்’ என்பதற்குக் கீழே அழித்த ‘கேப்டன்’ தெரிந்தாலும் தெரியும்.

துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிட்டு, பருத்தி நாடாவால் தளரக் கட்டுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டக் கூடாது. லாமினேஷன் கூடவே கூடாது, காகிதத்தைத் திரும்ப மீட்க முடியாது. இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டியில் போடலாம். அப்புறம், பெட்டி தரையில் இருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை ஊருக்குள் புகுந்ததை நாம் மறக்க முடியுமா? உயரமான பெஞ்சில் ஏற்றி வையுங்கள்.

எல்லாவற்றையும் விட அவசரம் அம்மா. குரூப் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டி, உட்கார்ந்திருப்பவர் யார், பின்னால் நிற்பவர் யார், எந்த ஊர் என்று கேளுங்கள். போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள், பேனா வேண்டாம். பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு வேண்டிய பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) முதலிய காகிதங்களை மட்டும் தனி ஃபைலில் வைத்துவிட்டு, அவை இருந்த இடத்தில் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்.

‘ரகசியம்’ என்று முத்திரை குத்திய வரைபடமோ உத்தரவோ கண்ணில் பட்டால் படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். 1923-ம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உறையில் போட்டு ஒட்டி, அப்பாவின் ரெஜிமெண்ட் தலைமையிடத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கடைசியில் எங்கே கொடுப்பது? டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியார் காகிதங்களையும் வாங்கிப் பாதுகாக்கிறது. இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஜெனரல் கரியப்பாவின் காகிதங்கள் அங்கேதான் இருக்கின்றன, ஆராய்ச்சி செய்பவர்கள் போய்ப் படிக்கிறார்கள். உங்கள் அப்பாவின் காகிதங்களும் அங்கே போகத் தகுந்தவை என்றே நினைக்கிறேன். கொடுப்பதற்கு முன் பட்டியல் போட்டு, படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை இத்தனை வருஷத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதங்களைத் தரவே வேண்டாம் என்று அம்மா சொன்னால், அதுதான் முடிவு.

அண்ணன் மெடல்களை வைத்துக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை. வீட்டை வாடகைக்கு விடும் தேதிக்கு முன்னால் இரண்டு பெட்டிகளும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.