எம்கேவி படத்த டிவிடி ஆக்கறது: மூணு ஆடியோ, சப்டைட்டில், தலைவலி

கேள்வி: எம்பி4 ஃபைல டிவிடில பர்ன் பண்ணேன், கம்ப்யூட்டர்ல ஓடுது, ப்ளேயர்ல போட்டா டிஸ்க்கே இல்லங்குது. ஏன்?

நீங்க பண்ணது டேட்டா டிஸ்க்குங்க. டிவிடி ப்ளேயர் தேடறது வீடியோ_டிஎஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஐஎஃப்ஓ, விஓபி ஃபைலுங்க, வீடியோ எம்பெக்-2ல இருக்கணும், பால் (PAL)ங்கற டிவி முறைன்னா 720x576 (செகண்டுக்கு 25 ஃப்ரேம்), என்டிஎஸ்சிங்கற முறைன்னா 720x480 (29.97). அதனால முதல்ல கன்வர்ட், அப்புறம் ஆதரிங் (அந்த ஃபோல்டர உருவாக்கறது), கடைசியாதான் பர்ன். ரெண்டாவத விட்டுட்டு மூணாவதுக்குத் தாவறவங்கதான் ஜாஸ்தி.

கேள்வி: எம்கேவி வீடியோ ஃபைல்ல தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூணு ஆடியோவும் இருக்கு, எஃப்எஃப்எம்பெக்ல (கன்வர்ட் பண்ற ப்ரோக்ராம்) போட்டா ஒண்ணுதான் வருது.

அது அப்படித்தான், நாம சொல்லலேன்னா தானா ஒரே ஒரு ஆடியோவ எடுத்துக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மேப் (எந்த ட்ராக்க எடுக்கணும்னு சொல்ற ஆப்ஷன்) குடுங்க. டிவிடில 8 ஆடியோ, 32 சப்டைட்டில் வரைக்கும் போகும், மூணெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஆனா ஏஏசிங்கற ஃபார்மட்ல இருக்கற ஆடியோ டிவிடில செல்லாது, ஏசி3 ஃபார்மட்டுக்கு மாத்தணும், 48 கிலோஹெர்ட்ஸ்ல. ஆதரிங் பண்ற ப்ரோக்ராமான டிவிடிஆதர்லயோ டிவிடி ஸ்டைலர்லயோ ஒவ்வொரு ட்ராக்குக்கும் மொழியையும் செட் பண்ணிடுங்க, இல்லேன்னா ரிமோட்ல ஆடியோ பட்டன அமுக்கறப்போ எது எந்த மொழின்னு டிவில பேரே வராது.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் எழுத்தெல்லாம் பிச்சு போட்ட மாதிரி வருது. எஸ்ஆர்டி (சப்டைட்டில் எழுத்து இருக்கற) ஃபைல் நல்லாத்தான் இருக்கு.

இதுல நானே ரெண்டு டிஸ்க் வீணாக்கிருக்கேன். டிவிடி சப்டைட்டில் எழுத்தே கிடையாது, படம். நாலே நாலு கலர்ல ஒவ்வொரு வரியும் ஒரு குட்டிப் படமா போய் உக்காரும், அந்தப் படத்த வரையற ப்ரோக்ராமுக்கு தமிழ் எழுத்த சேக்கத் தெரியணும். அப்படி வரையற ஸ்பியூமக்ஸ்ங்கற ப்ரோக்ராம் ஒவ்வொரு எழுத்தா வரிசையா வச்சுட்டே போகும், அதனால "கேள்வி"ல இரட்டைக் கொம்பு க-வுக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நிக்கும். இங்கிலீஷுக்கு இந்தப் பிரச்சனையே இல்ல, அதான் யாரும் கண்டுக்கல போல. ஃபான்ட மாத்தி மாத்திப் பாத்தா பிரயோஜனம் இல்ல, சப்டைட்டில் எடிட்ங்கற ப்ரோக்ராம்ல எஸ்ஆர்டிய திறந்து, தமிழ் ஃபான்ட் செலக்ட் பண்ணி, படமா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அங்க ப்ரிவ்யூல எழுத்து சரியா நின்னா டிஸ்க்லயும் சரியா நிக்கும். சைஸ் கொஞ்சம் பெருசாவே வைங்க, மெல்லிசான கோடெல்லாம் டிவில ஒடஞ்சு தெரியும்.

கேள்வி: சப்டைட்டில் ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப் போக தள்ளிப் போகுது.

மொதல்லேர்ந்தே ஒரே அளவு தள்ளி இருந்தா நேரத்த நகர்த்தினா போதும். போகப் போகன்னா ஃப்ரேம் ரேட் சண்டை. உங்க படம் 23.976, எஸ்ஆர்டி 25 ஃப்ரேம் வெர்ஷனுக்கு எழுதினதுன்னா ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட ரெண்டரை நிமிஷம் வித்தியாசம் வந்துடும். சப்டைட்டில் எடிட்லயே ஃப்ரேம் ரேட்ட மாத்தற ஆப்ஷன் இருக்கு, 25லேர்ந்து 23.976க்கு மாத்துங்க, எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடியே. படமா ஆனதுக்கு அப்புறம் தொடறது நரகம்.

கேள்வி: ஹேண்ட்ப்ரேக் ப்ரோக்ராம்லயே டிவிடி பண்ண முடியுமா?

முடியாது, அது டிவிடிலேர்ந்து வெளிய எடுக்கறதுக்கு.

கேள்வி: மூணு மணி நேரப் படம், மூணு ஆடியோ, ஒரே டிஸ்க்ல புடிக்குமா?

புடிக்கும், ஆனா பாக்க நல்லா இருக்குமாங்கறதுதான் கேள்வி. 4.7 ஜிபிய 180 நிமிஷத்துக்குப் பங்கு போட்டா செகண்டுக்கு சுமாரா 3.5 மெகாபிட், ஸ்டீரியோ ஏசி3 ஒண்ணுக்கு 192 கிலோபிட்னு மூணையும் கழிச்சு கொஞ்சம் இடமும் விட்டா வீடியோவுக்கு 2.8தான் மிஞ்சும், ஓட்டம் சண்டைன்னு வர்ற சீன்ல கட்டம் கட்டமா தெரியும். டூ பாஸ் (வீடியோவ ரெண்டு தடவ ஓட்டி கன்வர்ட் பண்றது) போட்டா கொஞ்சம் தேறும். நானா இருந்தா 8.5 ஜிபி டூயல் லேயர் டிஸ்க்குக்குப் போவேன், இல்ல யாரும் கேக்காத ஒரு ஆடியோவ தூக்கிடுவேன். எதுவானாலும் பர்ன் பண்றதுக்கு முன்னாடி அந்த வீடியோ_டிஎஸ் ஃபோல்டர விஎல்சி ப்ளேயர்ல திறந்து ஆடியோ, சப்டைட்டில் எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டு கடைசி பத்து நிமிஷம் பாத்துடுங்க, ஏன்னா ஆரம்பத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும்.