கேட்டதும் சொன்னதும்: கோவைக்கு வருகிறவர்களுக்கு

கேள்வி: மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு கோயம்புத்தூர் வருகிறோம். கையில் ஒன்றரை நாள்தான். பேரூர், மருதமலை, ஈஷா, கோவைக் குற்றாலம், முடிந்தால் ஊட்டி... எப்படித் திட்டம் போடுவது? (நாகப்பட்டினம் வாசகி)

முதலில் ஊட்டியை அடித்துவிடுங்கள். போன வருஷம் எங்கள் சித்தப்பா குடும்பத்துக்கு இதே மாதிரி ஒரு பட்டியலைப் போட்டு ஒட்டுக்கா எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். பேரூருக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியாகிவிட்டது, மருதமலையில் சித்தியின் முட்டி மக்கர் பண்ணியது, கடைசியில் எல்லாரும் நன்றாகப் பார்த்தது காரின் ஜன்னலைத்தான்.

நீங்கள் சொன்ன மற்ற நாலும் ஊருக்கு மேற்கேதான், ஆனால் ஒரே சாலையில் இல்லை. மருதமலைக்கு வடவள்ளி வழி, மற்ற மூன்றுக்கும் பேரூர் வழியாகப் போகும் சிறுவாணி சாலை. அதனால் முழு நாளுக்குக் காலையில் பேரூர், மதியத்துக்கு மேல் ஈஷா போதும். அங்கே 112 அடி ஆதியோகியையும் பின்னால் வெள்ளியங்கிரி மலையையும் பொழுது சாயும் நேரத்தில் பார்க்க வேண்டும், மொட்டை வெயிலில் இல்லை. கோவைக் குற்றாலம் வனத்துறை கையில் இருக்கிறது. தண்ணீர் அதிகமானால் மூடிவிடுவார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மருதமலையை அரை நாளுக்கு வையுங்கள். காந்திபுரத்திலிருந்து 70ஆம் நம்பர் பஸ் போகிறது. அடிவாரத்திலிருந்து மேலே போகவும் வண்டி உண்டு, பெரியவர்களைப் படியேற்றி வதைக்க வேண்டாம்.

பேரூரில் மட்டும் அவசரப்படாதீர்கள். கனகசபை மண்டபத்துத் தூண் ஒவ்வொன்றிலும் ஒரே கல்லில் ஆளுயரத்துக்கு மேல் சிற்பம். ஊர்த்துவ தாண்டவர், யானையை உரித்துப் போர்த்தும் சிவன், ஆலங்காட்டுக் காளி, அகோர வீரபத்திரர். பிள்ளைகளை நிமிர்ந்து விதானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்கும். அப்புறம் நந்தியின் கதை. சுந்தரர் பாட வருகிறார், கொடுக்கக் கையில் காசில்லை என்று சிவனும் பச்சைநாயகியும் வயலில் நாற்று நடப் போய்விட்டார்களாம். எங்கே என்று கேட்டவரிடம் நந்தி கண்ணாலேயே காட்டிக்கொடுக்க, சிவன் மண்வெட்டியால் ஒன்று போட்டார் என்பது தலபுராணம். சாமியே கடன்காரனுக்குப் பயந்த மாதிரி வயலில் ஒளிந்துகொண்டது எங்கள் விவசாய ஊருக்குப் பொருத்தமான கதைதான்!

கேள்வி: பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்குவது? போன தடவை சிங்காநல்லூரில் இறக்கிவிட்டுவிட்டார்கள். (திருச்சி வாசகர்)

சரியாகத்தான் இறக்கியிருக்கிறார்கள். திருச்சி, மதுரை வண்டிகளுக்குச் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனி, பாலக்காட்டுக்கு உக்கடம். சேலம், ஈரோடு, திருப்பூருக்குக் காந்திபுரம். மேட்டுப்பாளையம், ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் தனி பஸ் ஸ்டாண்டு. ரூம் போடும் முன் இதைப் பாருங்கள், ஊரின் ஒரு கோடியில் இறங்கி மறு கோடிக்கு ஆட்டோ பிடித்தால் டிக்கெட் காசைவிட அதுவே எச்சாகிவிடும்.

கேள்வி: கோயில், மால் இரண்டும் வேண்டாம். நடந்து சுற்றிப் பார்க்க ஊருக்குள் ஏதாவது இருக்கிறதா? (மதுரை வாசகர்)

இதைக் கேட்க ஆள் இல்லையே என்றுதான் இருந்தேன். டவுன்ஹாலில் தொடங்குங்கள். விக்டோரியா ராணி பெயரில் 1892இல் கட்டிய மண்டபம், மாநகராட்சிக் கூட்டம் அங்கேதான் நடக்கிறது. பக்கத்திலேயே வெரைட்டி ஹால் ரோடு. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டிவிட்டு, 1914இல் இங்கே வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். அங்கே படம் ஓடி ரொம்ப வருஷமாகிவிட்டது, பெயர் சாலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து மணிக்கூண்டு, ராஜ வீதி, தேர்நிலைத் திடல். கோனியம்மன் தேர் மாசியில் ஓடும், அந்த நாளில் காரோடு வந்து மாட்டாதீர்கள். ரங்கே கவுடர் வீதியில் நுழைந்தால் முதலில் மூக்குதான் பார்க்கும். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் மூட்டை மூட்டையாக, லோடுமேன் ஒருவர் 'வழி, வழி' என்று முதுகில் சுமையோடு வருவார், ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே அத்தர் ஜமாத் பள்ளிவாசல், பெரிய கடை வீதியில் மைக்கேல் தேவாலயம், அதைத் தாண்டிக் கோட்டைமேடு. கோட்டை இப்போது இல்லை, மேடும் பெயரில்தான். கடைசியாக உக்கடம் பெரியகுளக் கரையில் உட்கார்ந்துவிடுங்கள். நொய்யல் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் குளம் அது.

ஞாயிற்றுக்கிழமை நடக்க வசதிதான், ஆனால் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், பூட்டிய வீதியில் என்ன பார்ப்பது? வார நாளில் காலை பத்து மணிக்குமேல் வாங்க.

கேள்வி: வ.உ.சி. பூங்காவில் மிருகங்கள் உண்டா? (திண்டுக்கல் வாசகி)

இல்லை. மிருகக்காட்சி சாலையின் அனுமதி 2022இல் ரத்தாகிவிட்டது. குழந்தைகளை ஆர்.எஸ்.புரம் பக்கம் வனக் கல்லூரி வளாகத்திலுள்ள காஸ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். 1902இல் திறந்தது. மர வகைகள், பாடம் செய்த விலங்குகள் என்று பழைய காலத்து வாசனையோடு இருக்கும். காரில் ஆசை உள்ள பிள்ளை என்றால் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜிடி கார் மியூசியம். அவர் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் என்பதைச் சொல்லிவிட்டு உள்ளே விடுங்கள்.

கேள்வி: கோவையில் ரோட்டுக் கடைக் காளான் என்கிறார்களே, காளான்தானா அது? (கும்பகோணம் வாசகர்)

பாதிக்கு மேல் முட்டைக்கோஸ்ங்க. முட்டைக்கோஸையும் கொஞ்சம் காளானையும் மைதாவில் பிசைந்து பக்கோடாவாகப் பொரித்து வைத்திருப்பார்கள். ஆர்டர் சொன்னதும் பெரிய தவாவில் போட்டு டக்டக்கென்று கொத்தி, மசாலாத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே வெங்காயம், மல்லித்தழை தூவித் தருவார்கள். தெரிந்தேதான் சாப்பிடுகிறோம். ஆனால் கொங்குச் சாப்பாடு என்று அதை ஊரில் போய்ச் சொல்லாதீர்கள். அதற்கு அரிசிம்பருப்புச் சாதம் வேண்டும், மேலே நெய் விட்டு. தேங்காய்ப்பாலோடு சந்தகை (நம் இடியாப்பம் மாதிரி), கொள்ளு ரசம், ஒப்புட்டு என்கிற போளி. இதெல்லாம் ஓட்டலைவிட வீட்டில்தான் ருசி, இங்கே ஒரு சொந்தக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் 'பொழுதோட வாங்க' என்று சொன்னால் சாயங்காலம் என்று அர்த்தம். விடிகாலையில் போய்க் கதவைத் தட்டிவிடாதீர்கள்.