ஆயில் மாற்ற டீலரிடம் போவதா, நாமே மாற்றுவதா? டெக்சாஸின் இர்விங்கில் இருக்கும் தம்பிக்கு

தம்பி, நீ கேட்டிருந்ததை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். 2016 மாடல் டொயோட்டா கரோலா வாங்கி மூன்று மாதம் ஆகிறது, மெயின்டனன்ஸ் விளக்கு எரிந்தது, பக்கத்து டீலரிடம் கொண்டு போனாய். சிந்தெடிக் (செயற்கை) ஆயில் மாற்ற 109 டாலர் என்றார்கள். கூடவே இன்னும் நாலு வேலை பாக்கி, எல்லாம் சேர்த்து 520 டாலர் என்று ஒரு தாளையும் நீட்டினார்கள். நீ யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். அது நல்ல காரியம். “இவ்வளவு ஆகுமாண்ணா, நாமே மாற்றிவிட முடியாதா?” என்பதுதான் உன் கேள்வி.

நான் இப்போது லீவில் தக்கலையில் இருக்கிறேன். வெளியே ஆனி மழை ஊற்றுகிறது. உன் கேள்வியைப் படித்ததும் போன வாரம் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. அப்பாவின் வேகன் ஆரை அழகியமண்டபத்தில் நமக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டு ஆயில் மாற்றினேன். ஆயிலும் ஃபில்டரும் 1,600 ரூபாய் சொச்சம், கூலி 250 ரூபாய். மேஸ்திரி பிரேக்கையும் ஒரு பார்வை பார்த்து, டயருக்குக் காற்றும் அடித்துக் கொடுத்தார். பில்லைப் பார்த்தால் ஆயிலுக்குத்தான் காசு, கைவேலைக்குக் கொஞ்சம்தான். அதனால்தான் ஊரில் யாருக்கும் இதை நாமே செய்யலாம் என்று தோன்றுவதில்லை. 250 ரூபாய்க்காக எவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பான்?

அமெரிக்காவில் இந்தக் கணக்கு தலைகீழ். சாமான் விலை குறைவு, கைக்குத்தான் காசு. பல டீலர்களிடம் ஒரு மணி நேரக் கூலி 150 டாலருக்கு மேல். நீ பார்த்த 109 டாலரில் ஆயிலின் விலை சின்னப் பங்குதான். வால்மார்ட்டில் 5 குவார்ட் (ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) கேனாக நல்ல ஃபுல் சிந்தெடிக் ஆயில் நான் கடைசியாக வாங்கியபோது 27 டாலர். ஃபில்டர் 8 டாலர். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு அடியில் வரும் வாஷர் ஒன்றிரண்டு டாலர். வரியோடு சேர்த்து 40 டாலரில் முடியும்.

ஆக ஒரு தடவைக்கு 70 டாலர் மிச்சம், வருஷத்துக்கு இரண்டு தடவை என்றால் 140. ஆனால் முதல் வருஷம் அந்த மிச்சம் உன் கைக்கு வராது. வண்டியை ஏற்றி நிறுத்தும் ரேம்ப் ஒரு ஜோடி, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், ஃபில்டர் மூடியைத் திறக்கும் ரெஞ்ச், பழைய ஆயிலைப் பிடிக்கும் தட்டு எல்லாம் வாங்கினால் அதுவே 140 டாலருக்கு வந்து நிற்கும். இரண்டாம் வருஷத்திலிருந்துதான் லாபம். டீலர் அனுப்பும் கூப்பனில் 109 சில நேரம் 80 ஆகும். அப்போது வித்தியாசம் இன்னும் சுருங்கும். வெறும் ஆயில் காசை மட்டும் பார்த்தால் இது பெரிய சம்பாத்தியம் இல்லை என்று தெரிந்துகொள்.

பெரிய காசு அந்தத் தாளில் இருக்கிறது மக்களே. ஆயில் மாற்றுவதில் டீலருக்கு அதிகம் கிடைப்பதில்லை. வண்டியை உள்ளே வரவைக்கத்தான் அது. வந்ததும் இலவசமாகச் சோதிக்கிறோம் என்று மேலே தூக்கிப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் போட்ட தாளைக் கொடுப்பார்கள். பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. உன் தாளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சொல்கிறேன்.

கேபின் ஏர் ஃபில்டர் 79 டாலர் என்று இருக்கிறது. முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் கையுறைப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்து பழையதை உருவிப் புதியதைச் சொருக வேண்டும், அவ்வளவுதான். ஸ்பானரே வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். ஃபில்டர் விலை 15 டாலர். இன்ஜின் ஏர் ஃபில்டர் 69 டாலர். இதுவும் அப்படித்தான்: பானெட்டைத் தூக்கி இரண்டு கிளிப்பை விடுவித்தால் கையில் வந்துவிடும். இந்த இரண்டையும் நாளைக்கே, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்றபடியே நீ மாற்றலாம். ஃபியூவல் சிஸ்டம் கிளீனிங் 149 டாலர். டொயோட்டா மேனுவலில் உள்ள சர்வீஸ் அட்டவணையில் அப்படி ஒரு வேலை கிடையாது, விட்டுவிடு.

நாலாவது பிரேக் ஃபுளூயிட், அதாவது பிரேக்குக்குள் இருக்கும் திரவம், 114 டாலர். இதை மட்டும் தள்ளிவிடாதே. பிரேக் ஃபுளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும், அவசரத்தில் அழுத்தும்போது பிரேக் பிடி தளரும். நீ வாங்கியது பழைய வண்டி, முன்பு எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லை. மாற்றிவிடுவதுதான் சரி. டீலரிடம்தான் செய்ய வேண்டும் என்றில்லை, தனியாகக் கடை வைத்திருக்கும் நல்ல மெக்கானிக் குறைந்த விலைக்குச் செய்து கொடுப்பார். டீலர் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும். நாலு தடவை நீயே ஆயில் மாற்றினால் அந்தக் கண் தானாக வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

அந்த விளக்கைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். டொயோட்டாவில் அது ஆயிலைச் சோதித்துச் சொல்வதில்லை. ஓடிய தூரத்தை எண்ணி 5,000 மைல் ஆனதும் எரியும், அவ்வளவுதான். உன் வண்டிக்கு 0டபிள்யூ-20 என்ற தடிப்பு அளவுள்ள சிந்தெடிக் ஆயில் என்றால், மேனுவல்படி 10,000 மைல் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. புழுதி ரோட்டில் ஓட்டுவது, பாரம் இழுப்பது, உறைபனிக் குளிரில் குட்டிக் குட்டி ஓட்டம் ஓட்டுவது போன்றவற்றுக்கு 5,000. நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவேன். அது என் வழக்கம். நீ மேனுவல்படி போனாலும் தப்பில்லை. ஆனால் இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவையாவது ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார். 10,000 மைல் தாங்கும் என்று நம்பி, ஆயில் குறைந்தது தெரியாமலே ஓட்டி இன்ஜினைக் கெடுத்தவர்கள் உண்டு.

சரி, நீயே மாற்றலாமா? இப்போதைக்கு உன் இடத்தில் வேண்டாம். நீ இருப்பது அபார்ட்மென்ட். லீஸ் பேப்பரை எடுத்துப் படி, பார்க்கிங்கில் வண்டி வேலை பார்க்கக் கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஒரு சொட்டு ஆயில் தரையில் விழுந்தால் கட்டி வைத்த டெபாசிட்டில் கை வைப்பார்கள். வேலை விசாவில் புதிதாக வந்திருக்கிற உனக்கு அந்தத் தலைவலி எதற்கு? ஆகஸ்ட் முதல் வாரம் நான் திரும்பிவிடுவேன். பிளேனோவில் என் வீட்டு டிரைவ்வேயில் வைத்துச் செய்வோம். இர்விங்கிலிருந்து எவ்வளவு தூரம், ஒரு சனிக்கிழமை காலை வா.

அதுவரைக்கும் தாங்காது என்றால் டீலரிடமே கூப்பனோடு போய் ஆயில் மட்டும் மாற்றிக்கொள். பத்து நிமிடத்தில் மாற்றித் தருகிறோம் என்று ரோட்டோரத்தில் கடை போட்டிருப்பவர்களிடம் மட்டும் யோசித்துப் போ. எல்லாரையும் சொல்லவில்லை, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நான் டெக்சாஸ் வந்த புதிதில் வைத்திருந்த பழைய கேம்ரியை இரண்டு வருஷம் அப்படி ஒரு கடையில்தான் விட்டேன். ஒரு தடவை அங்கிருந்து வந்த மறுநாளே கராஜ் தரையில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு. மெக்கானிக்கிடம் காட்டினால், டிரெயின் போல்ட்டை ஏர் கன்னால் கண்மூடித்தனமாக முறுக்கியதில் மரை போய்விட்டது என்றார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டையே (ஆயில் பேன்) மாற்ற வேண்டி வந்தது, 380 டாலர். அந்தக் கடையில் போய்க் கேட்டேன். நீங்கள் கொண்டு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. 30 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 380 கொடுத்தது அந்த மாதச் சம்பளத்தில் எனக்கு ரொம்ப வலித்தது. அதற்கு அப்புறம்தான் நானே கற்றுக்கொண்டேன்.

உன் அம்மா முந்தாநாள் கருங்கலிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருந்தார்கள். “அவன் அங்க வண்டிக்கு அடியில போய்ப் படுக்கப் போறானாம், நீ ஒண்ணு சொல்லு மக்களே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் தலையை மட்டுமல்ல, கையைக்கூட நீட்டக் கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். ரேம்ப்பில் ஏற்று, இல்லையென்றால் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்து. தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். டெக்சாஸ் வெயிலில் தார்த்தரை இளகி ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும், அதனால் தார் வேண்டவே வேண்டாம். கியர் ‘பார்க்’கில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு அடை கொடுத்து, வண்டியைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்த பிறகே கீழே போக வேண்டும். நான் கூடவே இருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடு.

வேலை சின்னதுதான். இன்ஜினை மூன்று நாலு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகியிருக்கும், கையைச் சுடாது. மேலே ஆயில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே 14 எம்எம் ஸ்பானரால் டிரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் அது இன்ஜினின் போல்ட்தானா, கியர்பாக்ஸின் போல்ட்டா என்று இரண்டு தடவை பார். கியர் ஆயிலை வடித்துவிட்டு, ஏற்கெனவே இருக்கும் ஆயிலின் மேல் இன்ஜினில் இன்னொரு கேனை ஊற்றியவர்கள் இருக்கிறார்கள், செலவு ஆயிரக்கணக்கில் போகும். கால் மணி நேரம் நன்றாக வடியட்டும். பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியது போட்டு, போல்ட்டை முதலில் விரலாலேயே நாலு சுற்று ஏற்று. விரலுக்கு ஏறாவிட்டால் மரை தப்பிப் போகிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டுத் திரும்ப வை. அப்புறம் டார்க் ரெஞ்சில் 27 அடி-பவுண்டு என்ற அளவை வைத்து இறுக்கு. அதற்கு மேல் ஒரு முறுக்கும் வேண்டாம். உன் வண்டியின் ஃபில்டர் மூடிக்குள் போகும் காகித வகை. கூடவே வரும் புது ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவிப் பொருத்து, பழைய வளையத்தை மறந்து விட்டுவிடாதே. ஃபில்டரோடு சேர்த்து அந்த இன்ஜினுக்கு 4.4 குவார்ட்தான் பிடிக்கும், கேனில் இருப்பதோ 5. எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக் கூடாது. நாலு குவார்ட் ஊற்றி டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும்.

பழைய ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் கரி ஆயில் என்றால் அதற்கும் ஆள் உண்டு. வேலிக்காலுக்குப் பூசுவார்கள், செதல் ஏறாமல் மரச்சட்டத்துக்குப் பூசுவார்கள். மழைக்காலத்தில் ஒர்க்‌ஷாப் வாசலில் சிந்தியது ஓடையில் கலந்து வானவில் நிறத்தில் ஓடுவதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறோம். அந்த ஓடையெல்லாம் குளத்துக்குத்தான் போகிறது, இப்போது நினைத்தால் மனசு கேட்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, ஒரு தடவை மாற்றும் ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று சொல்கிறது. சாக்கடையிலோ குப்பையிலோ ஊற்றினால் குற்றம். அதே கேனில் திரும்ப ஊற்றி ஆட்டோசோன், ஓ'ரைலி மாதிரி பாகங்கள் விற்கும் கடைக்குக் கொண்டு போனால் காசு வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

உன் ஆபீஸில் இருக்கும் மார்த்தாண்டத்துப் பையன் புது வண்டி எடுக்கப் போகிறான் என்றாயே, அவனிடம் இதைச் சொல். புது டொயோட்டாவுக்கு முதல் 2 வருஷம் அல்லது 25,000 மைல் வரை அட்டவணைப்படி உள்ள சர்வீஸ் இலவசம், அதுவரை டீலரிடமே விடட்டும். அதற்குப் பிறகு வெளியிலோ வீட்டிலோ ஆயில் மாற்றினால் வாரன்டி போய்விடும் என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். 1975இல் வந்த மேக்னசன்–மாஸ் வாரன்டி சட்டப்படி, அந்தக் காரணத்துக்காக மட்டும் வாரன்டியை மறுக்க முடியாது. ஆனால் ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதும், மாற்றிய தேதியும், மைலும் கையில் இருக்க வேண்டும். நான் ஒரு நோட்டில் எழுதி ரசீதை ஒட்டி வைக்கிறேன். 2019இல் அந்தக் கேம்ரியை விற்றபோது வாங்க வந்தவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசவே உட்கார்ந்தார்.

இன்னொன்று. உன் வண்டிக்கென்றே உள்ள விஐஎன் என்ற அடையாள எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பார். ஏதாவது ரீகால் (கம்பெனியே குறையைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருந்தால் அதை டீலர் இலவசமாகச் செய்து தர வேண்டும். அதற்கு மட்டும் தயங்காமல் டீலரிடமே போ.

நீ வரும்போது 0டபிள்யூ-20 ஃபுல் சிந்தெடிக் 5 குவார்ட் கேன் ஒன்று, உன் மாடலுக்குரிய ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர் மட்டும் வாங்கிக்கொண்டு வா. கேனில் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் தர முத்திரை (ஏபிஐ) இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ரேம்ப்பும் ரெஞ்சும் என்னிடம் இருக்கிறது, நீ இப்போதே வாங்க வேண்டாம். ஒரு தடவை செய்து பார், பிடித்திருந்தால் பிறகு வாங்கலாம். அம்மா கொடுத்த ஏத்தங்காய் சிப்ஸும் முறுக்கும் என் பெட்டியில் ஏறிவிட்டது, அன்றைக்கு வந்து எடுத்துக்கொள்.